எந்த வீட்டு இறால்?

சில வாரங்களாகவே கேசியாவை ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டில் மீந்ததைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் அவள் கணவன் நேசகுமார், இப்போதெல்லாம் காலையில் சமையலறை வாசலில் வந்து நிற்கிறான். "நேத்து மீந்தது இன்னா கீது? அத்த எனக்கே கட்டிடு" என்கிறான். கொஞ்சம் கூடவே வை என்கிறான். சாயங்காலம் அவன் திரும்பி வரும்போது டிபன் பாக்ஸ் காலியாக மட்டும் இருப்பதில்லை, தேய்த்துக் கழுவி ஈரம் போகத் துடைத்து இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு டம்ளரைக் கழுவி அவள் பார்த்ததில்லை.

கேட்டதற்கு, "ஆபீஸ்ல கொழா கீது, கழுவறேன். இதுக்கெல்லாமா விசாரணை?" என்று சிரித்தான்.

நம்பியதாகத்தான் அவளும் வைத்துக்கொண்டாள்.

சித்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. நேசகுமாருக்குத் திருப்பதியில் ஒரு சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர் வேலை. ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற இடம். தினமும் பஸ்ஸில் போய் வருவான். கேசியா வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். மகள் ஷாரோன் ஆறாவது படிக்கிறாள். போன மாதத்திலிருந்து நேசகுமாரின் அக்கா ஞானமணியும் அவர்களோடு இருக்கிறாள். டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள், கணவர் இல்லை. காட்பாடியில் அவள் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள்.

அவள் வந்த நாளிலிருந்து சமையலறையில் சத்தமில்லாத ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

கேசியா எதையும் கொட்டமாட்டாள். மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா செய்வாள். புளித்த மாவு பணியாரமாகும். காய்ந்த சப்பாத்தியைக் கிள்ளிப் போட்டு, வெங்காயம் தக்காளியோடு வதக்கி எடுப்பாள். குழம்பு மீந்தால் சுண்டவைத்து மறுநாள் தோசைக்கு வைப்பாள். சபையில் ஏதாவது விருந்து முடிந்து அண்டாவில் சோறு தங்கிப்போனால், பெண்கள் கேசியா எங்கே என்றுதான் தேடுவார்கள். அதே சமயம் மோந்து பார்த்து கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுவாள்.

ஞானமணிக்கு இது எதுவும் பிடிக்காது. "சம்பாரிக்கிற ஆம்பளைக்குப் பழசக் கட்டி அனுப்பறியே, உனக்கே நல்லாகீதா?" என்பாள். கேசியா மீந்ததில் செய்தது என்று தெரிந்தால் தொடக்கூட மாட்டாள். தனக்கென்று ஒரு பிரெட் பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குமேல் அந்தப் போன் வந்தது.

"மேடம், நான் நிதின். சார்கூட வேலை செய்யறேன். டென்ஷன் ஆவாதீங்க. சாருக்கு ஒரே வாந்தி, பேதி. பிபி ரொம்ப எறங்கிடுச்சு. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். நீங்க வந்துட்டா தேவல."

"காலைல நல்லாதானே போனாரு?"

"மத்தியானம் சாப்ட்டு வந்தப்புறம்தான் ஆரம்பிச்சிச்சு மேடம். சாப்பாட்டுலதான் ஏதோன்னு டாக்டர் சொல்றாரு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஞானமணி கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தாள். கேசியாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இன்னா கட்டிக் குடுத்தே?"

கேசியா அதற்குள் பர்ஸை எடுத்திருந்தாள். ஷாரோன் ஸ்கூலிலிருந்து வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பக்கத்து வீட்டு செல்லியம்மாவிடம் சாவியைக் கொடுத்தாள். அவளும் ஞானமணியும் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

ஆந்திரப் பெண்களுக்கு பஸ் இலவசம், அதனால் கேசியா ஆதாரைக் காட்டினாள். கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஞானமணியுடையது வேலூர் ஆதார் என்பதால் அவளுக்குச் செல்லவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"சொல்லு. இன்னா கட்டினே?"

"நேத்து சோறு மீந்துச்சு அண்ணி. பாதிய புளிசாதம் கிளறினேன். மீதியப் பெசஞ்சு கடலமாவு, வெங்காயம் போட்டு வடை சுட்டேன்."

"அதானே பாத்தேன்."

"நானும் அதான் துன்னேன். ஷாரோனுக்கும் அதான் கட்டினேன்."

"அந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆவாம இருந்தா சரி."

அதுவரை கேசியா மகளைப் பற்றி நினைக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் ஓடின. பூதலப்பட்டு தாண்டியது. அவள் நேற்று ராத்திரி செய்ததை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சோறு ஆறியதும் மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். அதில் சந்தேகமில்லை. மழைக்குக் கரண்ட் போனது. எவ்வளவு நேரம் போனது? அந்த இருட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தேனா? ஷாரோன் தண்ணீர் கேட்டாளே, அது கரண்ட் போவதற்கு முன்பா, பின்பா? காலையில் சோற்றை மோந்து பார்த்தேனே. பார்த்தேனா, இல்லை தினமும் பார்ப்பதால் இன்றும் பார்த்ததாகத் தோன்றுகிறதா?

இத்தனை நாள் பெருமையாகச் செய்த ஒரு காரியத்தை அவளே நம்பவில்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது.

"எனக்கு இருக்கிறது ஒரே தம்பி," ஞானமணி முன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எப்சிபா ஜுரத்துல போனப்பவே எங்கம்மா பாதி செத்துட்டாங்க. இவனுக்கும் எதனா ஆச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன் கேசியா. இப்பவே சொல்லிட்டேன்."

எப்சிபா அவர்களுக்குத் தங்கை. கேசியாவுக்குக் கல்யாணமாவதற்கு முந்தின வருஷம் இறந்துபோனவள். வீட்டில் அவள் போட்டோகூடக் கிடையாது. பார்த்தால் அம்மா தாங்கமாட்டார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக ஞானமணிதான் சொல்லியிருந்தாள். குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கேசியா பார்த்திருக்கிறாள்.

சந்திரகிரி தாண்டித் திருப்பதி வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நேசகுமார் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். உதடு வெளுத்து, கன்னம் ஒட்டி, காலையில் பஸ்ஸுக்கு ஓடின ஆள்தானா என்று இருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கேசியா நெற்றியைத் தொட்டதும் கண்ணைத் திறந்தான், ஏதோ சொல்ல வந்தான், முடியாமல் மூடிக்கொண்டான்.

டாக்டர் வந்தார். இளம் வயதுப் பெண். என்ன சாப்பிட்டார் என்று தெலுங்கில் கேட்டார்.

ஞானமணி முந்திக்கொண்டாள். "நின்னடி அன்னம், டாக்டர். நேத்து சோறு. இவங்க வீட்ல தினமும் பழசுதான்."

வார்டில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேசியாவுக்குக் காது சுட்டது.

"அதே சோத்தத்தான் நானும் துன்னேன் டாக்டர். எம் பொண்ணும் துன்னா. எனக்கு ஒண்ணியும் ஆவல."

"பொண்ணுக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

கேசியா வெளியே போய்ப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் செல்லியம்மா எடுத்தாள்.

"ஷாரோனா? ஸ்கூல்ல இருந்து வந்து முறுக்கு துன்னுக்கினு டிவி பாத்துக்கினுகீறா. குடுக்கட்டுமா?"

"வயிறு வலிக்குதான்னு கேளுங்க."

தூரத்தில் ஷாரோனின் குரல் கேட்டது. "இல்லியே. வடை சூப்பர்னு சொல்லுங்க ஆன்ட்டி. யாருக்கும் குடுக்காம நானே துன்னுட்டேன்."

கேசியா சுவரில் சாய்ந்து நின்றாள்.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் தலையசைத்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் யசோதாதான் திரும்பினாள். ஏர்பேடுக்காரி. தமிழும் தெலுங்கும் கலந்துதான் அவளுக்குப் பேச வரும்.

"பழைய சோறுன்னு எவரு செப்பாரு? அவரே ரொய்யலு துன்னேன்னு சொன்னாரும்மா. வாந்தியிலயும் அதே தான். இறால்."

"இறாலா?"

"ஆமாம்மா. நானேதானே கிளீன் பண்ணேன்."

கேசியாவின் வீட்டுக்குள் இறால் நுழைந்து பல வருஷமாகிறது. ஷாரோனுக்கு ஆகாது. ஒரு துண்டு சாப்பிட்டாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள்.

சோற்றின் மேல் விழுந்த பழி அந்த நிமிஷமே போய்விட்டது. ஆனால் அதற்காகச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. அவள் கட்டிக் கொடுத்த புளிசாதத்தையும் வடையையும் அவன் சாப்பிடவில்லையென்றால், யார் சாப்பிட்டது?

நிதின் வெளி பெஞ்சில் நேசகுமாரின் பையோடு உட்கார்ந்திருந்தான். கேசியா பையை வாங்கி டிபன் பாக்ஸைத் திறந்தாள். கழுவித் துடைத்து பளிச்சென்று இருந்தது.

"சார் மத்தியானம் எங்க சாப்டுவாரு?"

"ஆபீஸ்லதான் மேடம்..."

"நிதின், உள்ள படுத்துக்கினு இருக்கிறவருக்கு இன்னா ஆச்சுன்னு டாக்டருக்குத் தெரியணும்."

அவன் தரையைப் பார்த்தான். "என் பைக்க எடுத்துக்கினு வெளிய போவாரு மேடம். கொர்லகுண்டா பக்கம். ஒரு வாட்டி மழைன்னு நான் கொண்டுபோயி விட்டேன். ஒரு வீடு. ஒரு அக்கா வந்து கதவு தெறந்தாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும். நான் கேக்கல."

"எவ்ளோ நாளா?"

"கொஞ்ச நாளாவே, மேடம்."

கேசியா டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி அழுத்தினாள். அழுகை வரவில்லை. காலையில் சமையலறை வாசலில் நின்று, கொஞ்சம் கூடவே வை என்று கேட்ட முகம்தான் கண்முன் வந்தது. எவளோ ஒருத்திக்கு நான் தினமும் சமைத்து அனுப்பியிருக்கிறேன்.

உள்ளே போய் ஞானமணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இறால், கொர்லகுண்டா, கதவைத் திறந்த பெண். ஞானமணி கொதித்தெழுவாள் என்றோ, பஸ்ஸில் பேசியதற்கு வருத்தப்படுவாள் என்றோதான் அவள் எதிர்பார்த்தாள்.

ஞானமணி இரண்டும் செய்யவில்லை. கர்சீப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எதனா ஹோட்டல்ல துன்னு இருப்பான். வுடு. ஒடம்பு தேறட்டும். இத்தப் போயி கெளறிக்கினு இருக்காத."

கேசியா அவளையே பார்த்தாள். சித்தூரிலிருந்து வழி நெடுகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்த ஆள், இப்போது வுடு என்கிறாள். ஒரு நேற்றைய சோற்றுக்கு அத்தனை கோபம் வந்தவளுக்கு, தம்பி அயலாள் வீட்டில் சாப்பிடுகிறான் என்றால் ஏன் கோபமே வரவில்லை?

கேட்க வாயெடுத்தபோது வார்டு வாசலில் ஒரு குரல் கேட்டது.

"நேசகுமார் பெட் எக்கட சிஸ்டர்?"

முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெளிறிப்போன நைலக்ஸ் புடவை, கையில் ஒரு தூக்கு. நடந்தே வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கேசியா கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க யாரு?"

அந்தப் பெண் கேசியாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "கேசியா அண்ணிதானே? போட்டோல பாத்துருக்கேன்."

"நீங்க யாருன்னு கேட்டேன்."

பதில் பின்னாலிருந்து வந்தது. "இங்க இன்னாத்துக்கு வந்தே?" ஞானமணியின் குரல். பழக்கமான ஒருத்தியிடம் மட்டுமே அப்படிக் கேட்க முடியும்.

"உங்களுக்கு இவங்களத் தெரியுமா அண்ணி?"

"தெரியாது."

"அக்கா," என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு வார்த்தைக்கே ஞானமணியின் தலை குனிந்தது. வந்தவள் கேசியாவின் பக்கம் திரும்பினாள். "நான் எப்சிபா, அண்ணி. ஆஸ்பத்திரில கீறேன்னு அண்ணன் போன் பண்ணாரு, கஞ்சி கொண்ணாந்தேன்."

கேசியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜுரத்தில் செத்துப்போனவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் காலைப் போர்வையால் மூடினாள்.

யாரும் கேட்காமலே எப்சிபா பேசினாள். "எம்மேலதான் தப்பு. எங்கூட்டுக்காரு நேத்து சாயந்தரம் பழவேற்காடு பக்கம் தடாவுலருந்து எறா கொண்ணாந்தாரு. கொஞ்சம் மீந்துச்சு. அண்ணனுக்கு எறான்னா உசுரு, உங்க ஊட்ல பாப்பாக்கு ஒத்துக்காதுன்னு செய்யறதில்லயாமே. எங்கிட்ட ஃபிரிட்ஜ் இல்ல. சட்டியத் தண்ணில எறக்கி வெச்சேன். மத்தியானம் சுட வெச்சுக் குடுத்தேன். வாசன மாறவேல்ல அண்ணி. கொட்ட மனசு வரல."

இறாலை அப்படி வைக்கக்கூடாது, அது வாசனையில் காட்டிக்கொடுக்காது என்று கேசியாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கொட்ட மனசு வரவில்லை என்பதை அவளும் தினமும் சொல்கிறவள்தான்.

"நீங்க அத்த துன்னலியா?"

"எனக்குத்தான் உங்க சோறு கீதே." எப்சிபா கூச்சத்தோடு சொன்னாள். "என்னுது அவருக்கு, உங்களுது எனக்கு. மீந்ததக் கொண்ணாந்தா கேசிக்குக் கணக்குத் தெரியாதுன்னுவாரு. அம்மா செய்யற மாதிரியே கீது அண்ணி. அவங்ககிட்ட கத்துக்கினீங்களாமே."

அம்மா என்று அவள் சொன்னது கேசியாவின் மாமியாரை. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபடியே, எதை எப்படி வீணாக்காமல் செய்வது என்று கேசியாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர். மகள் செத்துவிட்டாள் என்று நம்பியே போய்ச் சேர்ந்தவர்.

நம்பித்தான் போனாரா?

நேசகுமார் விழித்திருந்தான். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "கேசி... சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"இவங்க செத்துட்டாங்கன்னு மொதல்ல சொன்னது யாரு? நீங்களா?"

அவன் பார்வை ஞானமணியிடம் போய் நின்றது. எப்சிபா சட்டென்று தூக்கைத் திறந்து கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தாள். அந்தக் கேள்வியின் பக்கம் வரவே அவள் பயப்படுவது தெரிந்தது.

நர்ஸ் யசோதா வந்தாள். "ராத்திரிக்கு ஒருத்தர்தான் இருக்கணும். மீதிப் பேர் கிளம்பணும். எவரு ஒண்டாரு?"

"நான் இருக்கேன்," என்றாள் ஞானமணி உடனே. கேசியாவின் கையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். குரலில் பஸ்ஸில் இருந்த கடுமை கொஞ்சமும் இல்லை. "நீ ஊருக்குப் போ கேசியா. ஷாரோன் தனியா இருப்பா. உனக்கும் இன்னிக்கு ரொம்ப அலைச்சல். தம்பிய நான் பாத்துக்கறேன். அவளையும் நானே அனுப்பி வெச்சுர்றேன்."

சித்தூர் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஞானமணி அவளுக்காகப் பரிந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"ஷாரோன் செல்லியம்மா ஊட்ல தூங்குவா," என்றாள் கேசியா. "ராத்திரிக்கு நான்தான் இருக்கப்போறேன். எப்சிபாவும் போவ மாட்டாங்க. வார்டுல வுடலன்னா இந்த பெஞ்சுல ஒக்காந்து பேசறோம்."

ஞானமணியின் பிடி இறுகியது. "இன்னா பேசப் போறே? ஊட்ட வுட்டுப் போனவ அவ, பொய்ய நெஜம் மாதிரி சொல்லுவா. எம்மேல, எங்க நைனா மேல எதனா சொல்லுவா. ஒரு வார்த்தகூட நம்பாத."

கேசியா தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷமா உங்களத்தானே அண்ணி நம்பிக்கினு இருந்தேன்."